கட்டைப்பைக்கு முழு வாடகை

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைகளைப் படம் பிடித்துப் பிழைப்பவன் நான். படம் எடுக்கக் கூலி தனி. அதை எங்கே, எத்தனை காலம் போட்டுக்கொள்கிறார்களோ அதற்கு உரிமத்தொகை தனி. ஒருவகை வாடகை. இதுபற்றிக் கனமான புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஊரில் நான் மட்டுமே படித்திருக்கிறேன் என்பதுதான் சிக்கல்.

தீபாவளிக்கு முன் ஒரு பட்டுக்கடை முதலாளி, என் மயில்கழுத்து நிறப் புடவைப் படத்தைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓராண்டுக்குப் பெரிய பேனராக வைப்பதாகப் பேசினார். அந்தத் தொகையை நம்பி வீட்டில் ஃபிரிட்ஜுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். படம் கைக்குப் போனதும் முதலாளி போன் செய்தார்.

"பேனர் வேணாம் சார். கடைப் பையில போட்டுக்கறேன். இத்துனூண்டு படம். கால்வாசி குடுத்தா போதும்ல?"

உள்ளங்கையளவு படத்துக்குக் கால்வாசி நியாயமாகவே பட்டது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

விஷயம் கேட்ட மனைவி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் கொத்தாகத் தொங்கிய கட்டைப்பைகளில் ஒன்றை உருவினாள்.

"நம்ம கல்யாணப் புடவை எடுத்த கடைப் பை. கடையே மூடிட்டான். பை இன்னும் அரிசி மண்டிக்குப் போய்க்கினு இருக்குது. பேனரு ஒரு காத்துக்குத் தாங்குமா? இதுக்குப் போய் கால்வாசியா?"

மறுநாள் மதியம் கடைக்குப் போய், அதையே என் சொந்த ஆராய்ச்சிபோல எடுத்துவிட்டேன். பைக்குச் சாவில்லை, ஆகவே முழுத்தொகை, அதுவும் முதல் தடவை அச்சடிக்க மட்டும். மறுபடி அச்சடித்தால் மறுபடி பேச வேண்டும்.

"பையை எவன் சார் பாக்கறான்?" என்று சிரித்தார் முதலாளி.

அந்நேரம் பார்த்து அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். டிபன் கேரியர் இருந்த பையில் எதிர்க்கடையின் பெயர், கொட்டை எழுத்தில். கல்லாவில் இருந்த ஊழியர் இருமினார். நான் மின்விசிறியை ரசித்தேன்.

"ஏம்மா, இது எப்படி நம்ம வூட்ல?"

"எத்தினி வருசமா இருக்குது. கெட்டியான பை."

முதலாளி பையைத் திருப்பி வைத்தார். மறுபக்கமும் அதே பெயர்.

"முழுசாவே வாங்கிக்கங்க சார். எதிர்க்கடைக்காரன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. அதில் வைக்கும் காய்கறி என் படம் போட்ட பையில்தான் வருகிறது. படத்தில் முந்தானை கொஞ்சம் கோணல் என்று ஒவ்வொரு தடவையும் மனைவி சொல்கிறாள். ஆயுளுக்கும் கேட்க வேண்டியதுதான். பை கெட்டி.