காணொளிகள் ஏற்றிய அறை

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "வீடியோ அனுப்புறது" என்பேன். "அதுக்கும் ஒரு சம்பளமோ?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், உரக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கமராவுக்கு முன்னால் இருந்து சொன்னவற்றை ஐரோப்பாவில் உள்ள ஒரு காப்பகத்துக்கு இணையத்தில் அனுப்புவது என் பொறுப்பு. சுருக்கக் கூடாது, எடுத்தது எடுத்தபடியே வேண்டும் என்று அங்கிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு காணொளியும் மலை மாதிரி.

அது நகரவே நகராது. பாதி போனதும் மின்சாரம் நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இணைப்புக் கொடுத்தவர்களோடு தொலைபேசியில் சண்டை பிடித்து எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "லைன் நல்லாத்தான் இருக்கு மிஸ்" என்பதற்கு மேல் அவர்கள் வாய் திறக்கவில்லை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓர் அம்மா அடிக்கடி வருவார். யுத்தம் முடிந்த நேரம் மகனைத் தன் கையாலேயே கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு மகன் இருக்கிறானா இல்லையா என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய காணொளியில் பேச்சைவிடப் பேசாமல் இருந்த நேரமே கூட. கூட்டிக்கொண்டு போகும்போது மகன் திரும்பிப் பார்த்ததைச் சொல்லும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அம்மா, நீங்கள் கதைக்காமல் இருக்கிற இடங்களை வெட்டினால் கெதியாப் போகும்" என்றேன்.

"அதுவும் போகவேணும், பிள்ளை. அதை வெட்டிப்போட்டு என்னத்தை அனுப்பப்போறாய்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்றாலும் வெட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பஸ்ஸால் இறங்கி நேரே வந்து, "போய்ச் சேர்ந்திட்டுதோ?" என்று கேட்பார். "போய்க்கொண்டிருக்கு, அம்மா" என்பேன். சரி என்று திரும்பிப் போய்விடுவார். அவரைப் பார்க்கப் பார்க்க, இதை எப்படியாவது வேகமாக அனுப்பியே தீருவது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

கடைசியில்தான் விளங்கியது. லைனில் ஒரு குறையும் இல்லை. எங்கள் கணினி காணொளியில் கொஞ்சத் துண்டுகளை அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதில் ஐரோப்பாவிலிருந்து திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. தூரம் அவ்வளவு. அனுப்புகிற நேரத்தைவிடப் பதிலுக்குக் காத்திருக்கிற நேரமே கூட. அங்கே காப்பகத்தில் பொறுப்பாக இருந்த அண்ணையையும் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்து அமைப்பையும் மாற்றினேன். பதில் வரும் முன்பே நிறையத் துண்டுகள் அடுத்தடுத்துப் போயின. ஒரே காணொளியைப் பிரித்துப் பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் அனுப்பினேன். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கிழமைக்கணக்காக இழுபட்டது ஒரு பின்னேரத்துக்குள் முடிந்தது. கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சந்திக் கடையில் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

எல்லாம் சேர்ந்ததும் அந்த அண்ணைக்கு அழைப்பெடுத்தேன். அவரும் எங்கட பக்கத்து ஆள்தான்.

"எல்லாம் வடிவா வந்திருக்கு, தங்கச்சி. பத்திரமா வைச்சிருக்கிறம்."

"எப்ப பாப்பீங்கள்?"

"பாக்கிறதுக்கு ஆக்கள் இல்லை, தங்கச்சி. தமிழ் தெரிஞ்ச ரெண்டு பேரையும் வேலையால நிப்பாட்டிப்போட்டினம். முந்தி வந்ததுகளே இன்னும் திறக்காமல் கிடக்கு."

இந்த முறை யாரோடு சண்டை பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. அன்றைக்கு ஏ9இல் பஸ்ஸுக்கு நின்றபோது, என் கெட்டித்தனத்தின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. இவ்வளவு பாடுபட்டதும் அந்தத் தாய்மாரை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றிப் பூட்டத்தானா?

அடுத்த கிழமை அம்மா வந்தார். ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை.

"எல்லாம் போய்ச் சேர்ந்திட்டுது, அம்மா. ஆனால் ஒருத்தரும் பாக்கேல்லை. பாக்கிறதுக்கு அங்க ஆள் இல்லையாம்."

அழுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"இவ்வளவு கெதியா அனுப்பச் சொல்லி நான் கேட்டனானோ, பிள்ளை?" அவருடைய குரலில் கோபம் இல்லை. "போய்க்கொண்டிருக்கெண்டு நீ சொன்னால், அண்டைக்கு வீட்ட போய் ஒரு வாய் சோறு தின்னுவன். இனி நான் எங்க போய், என்னத்தைக் கேக்கிறது?"