வியாழக்கிழமை அறை

செங்கம்மாள் வடக்கே, தலைநகரின் ஜங்புராவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். குடியிருந்தது தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில். கணவன் கலியமூர்த்தி கட்டட வேலைக்குப் போனான். ஒரே மகள் பவுனு பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. இரண்டு வயதில் வலிப்பும் சேர்ந்துகொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்துக்குத் திங்கட்கிழமை, வலிப்புக்குப் புதன்கிழமை. இரண்டுக்கும் தனித்தனி சீட்டு, தனித்தனி வரிசை. டாக்டர் ஹிந்தியில் சொன்னதில் பாதி புரியாமல் தலையாட்டிவிட்டு வருவாள். லீவு கேட்டுக் கேட்டு இரண்டு வீட்டு வேலை கையைவிட்டுப் போயிற்று.

1979இல் அந்த ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் சாந்தகுமாரி, அரசு மானியத்தில் ஒரு சின்ன அறையைத் திறந்தாள். பல நோய்கள் சேர்ந்த குழந்தைகளை வியாழக்கிழமைதோறும் எல்லாப் பிரிவு டாக்டர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரே ஃபைல். சாந்தகுமாரி கிட்வாய் நகரில் குடியிருந்த தமிழ்க்காரி. எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். மகளின் உடம்புக்கு என்னதான் என்று செங்கம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றரை வருஷத்தில் வலிப்பு அடங்கி, பவுனு அடிபம்பு வரைக்கும் தானே நடந்தாள். இனி ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள்.

அடுத்து வந்த மார்ச்சோடு மானியம் நின்றது. அறையைப் பூட்டினார்கள். சாந்தகுமாரியை வேறு வார்டுக்கு மாற்றினார்கள்.

"நான் மேல எழுதிண்டேதான் இருக்கேன் செங்கம்மா. நீ பழையபடி ரெண்டு எடத்துக்கும் போ, விட்டுடாதே."

போனாள். குழந்தை மயக்க மருந்தைத் தாங்கும் என்று வலிப்பு டாக்டர் எழுதித் தந்தால்தான் தேதி தருவோம் என்றது இதயப் பிரிவு. இதயம் தாங்கும் என்று அவர்கள் எழுதட்டும், அப்புறம் நாங்கள் எழுதுகிறோம் என்றது வலிப்புப் பிரிவு. "பஹலே சிட்டி லாவோ", முதலில் சீட்டைக் கொண்டு வா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இடுப்பில் பிள்ளையோடு ஐந்து வாரம் மாடி ஏறி இறங்கினாள். சாந்தகுமாரியைத் தேடிப் போனபோது அவள் லீவில் இருந்தாள்.

ஆறாவது வாரம், புதன்கிழமை வரிசையில் பவுனுவுக்கு வலிப்பு வந்தது. இதயம் தாங்கவில்லை. அம்மாவின் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு ஆறு வயது.

சேதி கேட்டுச் சாந்தகுமாரி கேம்புக்கு ஓடி வந்தாள். செங்கம்மாள் அழவில்லை.

"ரெண்டு டாக்டருங்களும் ஒரே கட்டடத்துலதானம்மா இருக்காங்க? ஒரு மாடிதான வித்தியாசம்?"

சாந்தகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான்கு வருஷம் கழித்து மானியம் மறுபடி வந்தது. அறை திறந்த வாரமே சாந்தகுமாரி அதைச் செங்கம்மாளிடம் சொல்ல வந்தாள்.

"எத்தன புள்ளைங்கம்மா?"

"நாப்பது."

"அந்த ரூம்புல எடம் பத்தாதே. பெஞ்சாவது கூடப் போடச் சொல்லுங்க. அம்மாக்காரிங்களால புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்க முடியாது."

டீ போடுகிறேன் என்று உள்ளே போன செங்கம்மாள் வெகுநேரம் வரவில்லை. ஸ்டவ் பற்றவைக்கும் சத்தமும் கேட்கவில்லை. சாந்தகுமாரி கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே திரும்பிப் போனாள்.