முகத்தைக் காட்டிவிட்டுப் போன லலிதா மேடம்

செம்பூரிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது, நான் தாராவியில் எங்கள் பை தைக்கும் கார்கானாவில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். "நான் லலிதாவோட பொண்ணு பேசறேன். அம்மா இன்னிக்குக் காலம்பற போயிட்டா. உங்களுக்குக் கட்டாயம் சொல்லச் சொல்லியிருந்தா" என்றது குரல். என் எண்ணை மகளிடம் கொடுக்கலாமா என்று மேடம் முன்பே என்னிடம் கேட்டிருந்தார். சாகப்போகும் நேரத்திலும் அனுமதி கேட்ட மனுஷி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

லலிதா மேடம் மனநல ஆலோசகர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். செம்பூரில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்தபடி, வீடியோ அழைப்பில் மட்டும் ஆலோசனை தந்தார். நான் அவரிடம் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் குழந்தை இறந்தே பிறந்தது. பார்த்தால் மறக்க முடியாது என்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி, என் கண்ணில் காட்டாமலே மாமியார் முதலான பெரியவர்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அதன்பின் எனக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. மான்குர்தில் இருக்கும் அக்காதான் மேடத்தின் எண்ணைக் கொடுத்தாள்.

முதல் நாள் மேடம் என் துக்கத்தைக் கிளறவில்லை. "பேசறதுக்கு எடம் இருக்கா? பக்கத்துல யார் இருப்பா? நெட் போச்சுன்னா நான் சாதா கால்ல கூப்பிடறேன்" என்று ஏற்பாடுகளைத்தான் பேசினார். எங்களுக்கோ ஒரே அறை, அதில் மாமியார், கொழுந்தன் எல்லாரும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இயர்போனோடு உட்காருவது என்று முடிவாயிற்று. யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு அடையாள வார்த்தை வேண்டும் என்றார்.

"'தண்ணி வந்துட்டு'ன்னு சொல்லுதேன் மேடம்" என்றேன். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! ஒருநாள் மாமியார் மாடியேறி வந்தார். நான் அந்த வார்த்தையைச் சொன்னதுதான் தாமதம், "ஏட்டி, இத மொதல்லயே சொல்லப்படாதா!" என்று கத்திக்கொண்டு கீழே ஓடினார். அவர் குடத்தோடு ஓடுவதைப் பார்த்து எங்கள் சந்து முழுவதும் குடத்தோடு ஓடியது. மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். குழந்தை போனபின் நானும் அன்றுதான் சிரித்தேன்.

அவருடைய முறையே தனி. பேசத் தொடங்குமுன் ஃபோனைத் திருப்பி, உயிருள்ள ஏதாவதொன்றைக் காட்ட வேண்டும். புறாவோ எறும்போ, எதுவானாலும் சரி. நான் தொட்டிச் சுவரின் விரிசலில் முளைத்திருந்த அரசங்கன்றைக் காட்டுவேன். இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

"இதுல நான் என்ன கத்துக்கணும் மேடம்?"

"ஒண்ணும் கத்துக்க வேண்டாம். மரம் நமக்குப் பாடம் எடுக்க முளைக்கலை. மனசு வலிக்கறச்சே பக்கத்துல இன்னொரு உயிர் இருந்தா, மூச்சு கொஞ்சம் சீராகும். அப்புறம் பேசலாம்."

மழைக்காலம் வருமுன், சுவர் பிளந்துவிடும் என்று கன்றைப் பிடுங்கிவிட்டார்கள். "என்னட்ட ஒரு வார்த்த கேக்கல மேடம், காட்டக்கூட இல்ல" என்று ஆரம்பித்தவள், குழந்தையில் வந்து நின்றேன். ஓவென்று அழுதேன். மறுபடி துளிர்க்கும் என்று வேறு யாரானாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். மேடம் சொல்லவில்லை. "காட்டியிருக்கணும் இசக்கி. அது உங்க கொழந்தை" என்றார். யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்றுதான் நான் ஏங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது.

தனக்குப் புற்றுநோய், அதிக நாள் இல்லை என்பதையும் அவரே சொன்னார். தன்னிடம் வந்த ஒவ்வொருவருக்கும் வேறு ஆலோசகரை ஏற்பாடு செய்துவிட்டு, தனித்தனியாக விடைபெற்றார். ஒரு மனுஷியால் இப்படியும் கிளம்ப முடியுமா என்று எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. என் முறை வந்த அன்று, மெலிந்துபோன அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல், "என்னால முடியல மேடம், வச்சிருதேன்" என்றேன்.

"வைக்கலாம். ஆனா ஒரு தடவை கொழந்தையை உங்களுக்குக் காட்டாமலே கொண்டுபோயிட்டா. என்னையும் அப்படி விட்டுடாதீங்கோ. நான் போனதும் பொண்ணு கூப்பிடுவா. வந்து பாருங்கோ" என்றார்.

போனேன். தனியாக அல்ல, மேடம் யார், என்ன சொன்னார் என்று நான் சொல்லக் கேட்ட மாமியார் தானும் வருவதாகக் கிளம்பினார். செம்பூர் வீட்டு வாசல்வரை என் கையைப் பிடித்திருந்தவர், அங்கே நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள போ. நல்லாப் பாத்துக்கோட்டி" என்றார்.

பார்த்தேன். மேடம் நான் நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. போய் வாருங்கள் மேடம். கண்ணாரப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.