சட்டைப்பையில் வெல்லம்

எங்கள் வீட்டு எறும்புகள் அடுப்பங்கரைக்குப் போனதைவிட அப்பாவின் சட்டைப்பைக்குப் போனதுதான் அதிகம். ஆணியில் தொங்கும் அந்தச் சட்டையில் குதிரை வியர்வையும் வெல்லமும் கலந்து ஒரு புளித்த வாடை அடிக்கும், சுவரோடு ஏறிவரும் எறும்புச் சாரையைத் துடைத்துக்கொண்டே அம்மா, "தொவச்சு மாளல, இந்தப் பையத் தச்சு மூடிரட்டுமா?" என்று கேட்பாள். அப்பா சிரித்துக்கொண்டு போய்விடுவார். கோட்டையூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமந்துபோன எங்கள் வெள்ளைக் குதிரை சிங்காரிக்கு அந்தப் பையிலிருந்த வெல்லக்கட்டிதான் சம்பளம். மேளம் கேட்டதும் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவாள், ஆடி முடித்ததும் மூக்கால் அப்பாவின் பையை முட்டுவாள். அவளை யாரும் அதட்டிப் பழக்கியதில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் கல்யாணக்காரர்கள் பூ ஒட்டிய காருக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். ஆடி மாதம் வேறு, முகூர்த்தமே கிடையாது. கொள்ளும் வைக்கோலும் வாங்குவதற்காக அம்மா தையல் மெஷினை மிதித்து மிதித்துக் கால் வீங்கிக் கிடந்தாள். பெரியப்பா வரும்போதெல்லாம் "வித்துத் தொலைடா" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அந்தச் சமயத்தில்தான் சாக்கோட்டைப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் ராஜா காலத்துப் படம் எடுக்க வந்தார்கள். போர்க்காட்சிக்குக் குதிரை வேண்டுமாம் என்று கேள்விப்பட்ட அப்பா, சிங்காரியைத் தேய்த்துக் குளிப்பாட்டி அழைத்துப் போனார். நானும் கூடவே ஓடினேன்.

குதிரைகளைப் பார்த்துப் பொறுக்கியவரை எல்லோரும் "குதிரை மாஸ்டர்" என்றார்கள். சென்னைக்காரர், நல்ல மனிதர்தான். சிங்காரியின் பல்லைப் பார்த்தார், காலைத் தடவினார், திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து, படத்தில் நடிக்க வந்திருந்த மேளக்காரர்கள் கொட்டகைக்குள் அடித்துப் பழக ஆரம்பிக்க, எங்கள் சிங்காரியும் ஆட ஆரம்பித்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள், மாஸ்டரும் சிரித்தார். "போர்ல முரசு அடிக்கிறப்ப இது ஆடிக்கிட்டு நின்னா ராஜா என்ன பண்ணுவாரு? ஓடப் பழக்கிக் கொண்டாங்கண்ணே. நல்லா ஓடுச்சுன்னா படம் முடிஞ்சாலும் எங்ககூடவே வச்சுக்கலாம், உங்களையும் சேத்து," என்றார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் பாடம் தொடங்கியது. என் கையில் பழைய எண்ணெய் டின்னும் ஒரு கட்டையும்; அப்பாவின் கையில், அதுவரை எங்கள் வீட்டுப் பக்கமே வராத புளிய விளார். நான் டின்னைத் தட்டுவேன், சிங்காரி காலைத் தூக்குவாள், விளார் சுளீரென்று அவள் தொடையில் விழும், மிரண்டு ஓடுவாள். ஆரம்பத்தில், அடி வாங்கிக்கொண்டு பொட்டலைச் சுற்றி வந்தவள் நேராக அப்பாவிடமே வந்து சட்டைப்பையை முட்டினாள். பை காலியாக இருந்தது. வெல்லம் கொடுத்தால் பழைய ஞாபகம் போகாது என்று அப்பா நிறுத்திவிட்டிருந்தார். அப்பாவை நான் வெறுத்த நாள்கள் அவை. ஒருநாள் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, "அவ என்ன தப்புப் பண்ணுனா?" என்று கத்தி அழுதேன். அப்பா அதை எடுத்துவந்து திரும்ப என் கையில் வைத்தார்.

"தட்டு ஆத்தா. இது ஓடுனாத்தான் நம்ம வீட்டுல இருக்கும்."

வீட்டுக்குள் அம்மாவுக்கு வேறு வேலை. சிங்காரியின் கல்யாணப் போர்வையே போருக்கும் ஆகும், ஆனால் பழசாகத் தெரிய வேண்டும் என்று படத்துக் "காஸ்ட்யூமர்" சொல்லிவிட்டார். சிவப்பு வெல்வெட்டில் கண் வலிக்க வலிக்கத் தைத்திருந்த ஜரிகையை அம்மாவே பிரித்தெடுத்து, துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, செம்மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். "கல்யாணத்துக்குப் போற துணிய இழவு வீட்டுத் துணியாக்கச் சொல்றாக," என்று முணுமுணுத்தவள், அப்பாவைப் பார்த்து, "ஏங்க, இந்த அடி அடிக்கிறீகளே, அந்த மாஸ்டர்ட்ட இன்னொருக்கா கேட்டுட்டுத்தான் வாங்களேன்," என்றாள். அப்பா போகவில்லை. போய்க் கேட்டால் இவனுக்குப் பழக்கத் தெரியவில்லை என்று வேறு குதிரையைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

ஆவணி பிறப்பதற்குள் சிங்காரி ஆட்டத்தை மறந்துவிட்டாள். டின் சத்தம் கேட்டதும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பாய்ந்து ஓடினாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

படப்பிடிப்புக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன். கண்மாய் நிறைய ஆட்கள், தகர வாள்கள், ரப்பர் ஈட்டிகள். வண்டிகளின் மேல் ஆள் உயர முரசுகள். ஸ்டன்ட் ஆள் ஒருவர் சிங்காரியின் முதுகில் ஏறிக்கொள்ள, முரசு எப்போது அதிரும் என்று அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆக்‌ஷன்" என்றார்கள். முரசுக்காரர்கள் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். சத்தமே வரவில்லை. மைக்கில் யாரோ "ஓட்டு, ஓட்டு" என்று கத்த, குதிரைகள் எல்லாம் ஓடின, அவற்றோடு சிங்காரியும் ஓடினாள்.

நான் போய் முரசைத் தொட்டுப் பார்த்தேன். தெர்மாகோல். மேலே துணியை ஒட்டித் தோல் நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். பின்னாலேயே வந்த அப்பாவும் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மாஸ்டரிடம் போய், "மொரசு அடிக்க மாட்டீகளா?" என்று கேட்டார். "சத்தமெல்லாம் அப்புறம் சென்னையில போட்டுக்குவாங்கண்ணே," என்றார் மாஸ்டர், அடுத்த குதிரையின் சேணத்தைச் சரிசெய்துகொண்டே. தான் அன்று சொன்ன பேச்சு அவருக்கு நினைவிலேயே இல்லை. வேலை முடிந்ததும், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

தை மாதம் ஒரு கல்யாணம் வந்தது. அம்மா எத்தனை துவைத்தும் போர்வையில் செம்மண் போகாததால், இருந்த துணியில் புதிது தைத்தாள். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். தவிலில் முதல் அடி விழுந்ததும் சிங்காரி தெறித்து ஓடினாள். தெருமுனையில் கீழே விழுந்த மாப்பிள்ளைக்குக் கை முறிந்தது. அதற்குப் பிறகு குதிரை கேட்டு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அப்பா மறுபடியும் பை நிறைய வெல்லத்தோடு பொட்டலில் நின்று, டின்னை விரல்நுனியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். அவள் உடம்பு நடுங்கும். வெல்லத்தை நீட்டினால் வாங்கமாட்டாள். விளார் இருக்கிறதா என்று அவருடைய மற்றக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் பெரியப்பா கூட்டிவந்த வெளியூர்க்காரர் ஒருவர் அவளைக் "குட்டியானை" வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எந்த ஊருக்கு என்று கேட்க அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்தப் பொட்டல் முழுவதும் வீடுகள். ஊர்வலங்களில் மாப்பிள்ளையின் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டதால் வெல்லத்தை வீட்டில் கண்ணில் படும்படி வைப்பதில்லை, எறும்புகளும் வருவதில்லை. இந்தப் பொங்கலுக்கு டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். தூசிக்குள் ஓடிய குதிரைகளில் சிங்காரி எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று கண்மாயில் கேட்காத முரசு இப்போது வீடே அதிர முழங்கியது. நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். நாற்காலியில் கண்மூடிக் கிடந்த அப்பாவின் வலது கை சட்டைப்பைக்குள் போய், அங்கே இருந்த மாத்திரை அட்டையைத் துழாவிக்கொண்டிருந்தது.