வீட்டோடு வேலை

போன மாதம் லீவில் திருப்பூர் வந்திருந்தேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஒருவர், வேலம்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கூட்டம் போட்டிருந்தார். அயர்லாந்தில் ஒரு ஸ்வெட்டர் மில்லுக்கு நிட்டிங் மெக்கானிக் வேண்டுமாம். நான் அந்த நாட்டில்தான் இருக்கிறேன் என்று யாரோ சொல்லி, என்னைத் தேடி வந்துவிட்டார்.

"நீங்க பெருசா ஒண்ணும் பேச வேண்டாமுங்க. நல்ல ஊரு, நல்ல மொதலாளின்னு ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டு எறங்குனீங்கன்னா போதும். பசங்களுக்கு ஒரு தைரியம் வருமுங்க" என்றார்.

போனேன். மண்டபம் நிறைய ஆட்கள். திரையில் ஒரு வீட்டுப் படத்தைப் போட்டார். வெள்ளைச் சுவர், சிவப்புக் கதவு, முன்னால் புல்தரை. "வேலைக்குப் போறவங்களுக்கு இந்த ஊடும் சேத்துக் குடுக்கறாங்க" என்றார். கீழே ஒரே சலசலப்பு.

அந்த வீட்டை எனக்குத் தெரியும். நானும் என் மனைவி கோகிலாவும் வாங்க இருந்த வீடு அது.

மைக்கை வாங்கி, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மைக் செத்துவிட்டது. ஏஜென்ட் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்து, "அண்ணனுக்கு வேற சோலி இருக்குதுங்களாமா" என்று மேடையிலிருந்து இறக்கிவிட்டார். மண்டபத்தில் சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். கோபம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று சில நாள் பார்த்தேன். அடங்கவில்லை.

1. லைன் வீடு

என் அப்பா விளாத்திகுளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். பனியன் துணி பிறகு சுருங்காமல் அழுத்திக் கொடுக்கும் கம்பாக்டிங் மிஷினில் ஆபரேட்டர். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றை முதலாளி கொடுத்திருந்தார். நான் வளர்ந்தது அங்கேதான்.

ஒருமுறை பக்கத்துக் கம்பெனியில் அப்பாவைக் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். விஷயம் முதலாளி காதுக்குப் போனது. ஸ்கூட்டரில் வந்து எங்கள் வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை.

"ஏனுங்க ஞானம், நம்ம ஊட்டுல குடியிருந்துட்டு அடுத்தவங்க கம்பெனிக்குப் போறது உங்களுக்கே நல்லாருக்குதுங்களா? போறதுன்னா போங்க. ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துப்போட்டுப் போங்க."

அத்தனை 'ங்க' போட்டுத்தான் சொன்னார். அவர் போனதும் அம்மா, "என்ன செய்யப் போறீக?" என்று கேட்டாள். "பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப் போக? இங்கனயே கெடப்போம்" என்றார் அப்பா. கடைசிவரை அங்கேயே கிடந்தார். அப்போது எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம் வந்தது. யார் மேல் வந்திருக்க வேண்டும் என்பது அந்த வயதில் தெரியவில்லை.

2. லீட்ரிம்

பனியன் கம்பெனிகளுக்குக் காலர் போட்டுக் கொடுக்கும் யூனிட்டில் தொழில் கற்றேன். கை மிஷினில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டரில் ஓடும் ஃப்ளாட் நிட்டிங் மிஷின் வரை வந்தேன். ஊசிகளை ஓட்டும் கேம் பாக்ஸைப் பிரித்து மாட்டுவதில் பேர் எடுத்தேன். அந்தப் பேரை வைத்துத்தான் அயர்லாந்து வேலை கிடைத்தது.

லீட்ரிம் என்பது அந்த நாட்டின் வடமேற்கில் உள்ள ஒரு சின்ன மாவட்டம். அவர்கள் கவுண்டி என்பார்கள். ஏரி, சதுப்பு, மாடு, மழை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பெரிய பெரிய மேய்ச்சல் நிலங்கள். கார் இல்லாவிட்டால் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது.

மில் முதலாளி பேர் டெக்லன். ஏர்போர்ட்டுக்கு அவரே வந்தார். எங்கள் மூவருக்கும் கம்பளிக் கோட் கொண்டு வந்திருந்தார். மகள் ஜெனிக்கு சாக்லேட். மில்லுக்குப் பின்னால் ஒரு வீட்டைத் திறந்துவிட்டார். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார். படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். சொன்னால் பெயின்ட் டப்பாவோடு அவரே வந்து அதன் மேல் அடித்துவிட்டுப் போவார். குளிர்காலத்தில் மறுபடி படரும்.

என் வேலை பெர்மிட் அவர் மில்லின் பேரில் இருந்தது. ஐந்து வருஷம் கழித்துத்தான் இஷ்டப்பட்ட இடத்தில் வேலை செய்யும் உரிமை கிடைக்கும். அதுவரை வேலை, பெர்மிட், வீடு மூன்றும் ஒரே ஆள் கையில். அவர் அதைச் சொல்லி ஒருநாளும் மிரட்டியதில்லை. மிரட்டும் அவசியமே வரவில்லை.

கோகிலா நெசவுக் குடும்பத்துப் பெண், திருப்பூர்க்காரி. அவள் சொல்வாள்: "இந்தக் குளுரு, மழை எல்லாம் பரவால்லைங்க. செவுத்துல ஒரு ஆணி அடிக்கோணும்னாக்கூட அவரக் கேக்கோணும். அதுதாங்க எனக்குச் சேரமாட்டீங்குது."

3. நோராவின் வீடு

பின்னால் கோகிலாவுக்கும் வேலை கிடைத்தது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். அங்கே தங்கியிருந்த வயதானவர்களில் ஒருவர் நோரா. கணவர் இறந்துவிட்டார், மகன் ஆஸ்திரேலியாவில். தன் வீடு பூட்டிக் கிடப்பதாகவும், விற்கப் போவதாகவும் டீ கொண்டுபோன கோகிலாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயம்தான் என் ஐந்து வருஷமும் முடிந்திருந்தது. பேங்கிலும் கடன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

புரோக்கரோடு போய்ப் பார்த்தோம். நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடம். இரண்டு பக்கமும் முள்வேலிச் செடி, வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீருக்குச் சொந்தக் கிணறு, பின்னால் செப்டிக் டேங்க். குளிருக்கு எண்ணெயில் எரியும் பழைய பாய்லர். குறை நிறைய இருந்தது. ஆனால் சமையலறை ஜன்னலில் நின்றால் ஏரி தெரியும். கோகிலா ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினாள்.

"முருகன் படம் இங்க. உங்க மாதா படம் அங்க. ரெண்டு பேருக்கும் ஏரி தெரியோணும்" என்றாள்.

ஜெனி தனக்கு ஒரு அறையைப் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டாள்.

விலை ஒத்துவந்தது. அங்கே வாய்ப்பேச்சில் விலை முடிந்ததும் வாசலில் 'சேல் அக்ரீட்' என்று பலகை மாட்டிவிடுவார்கள். பிறகு வக்கீல்கள் மூலம் ஒப்பந்தம் தயாராகும். இரண்டு பேரும் கையெழுத்துப் போடும்வரை யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியாது. வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எனக்குத் தெரிந்திருந்தும் அந்தப் பலகையை நம்பினேன். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

பேங்கில் சம்பள சர்டிஃபிகேட் கேட்டார்கள். டெக்லன் உடனே கையெழுத்துப் போட்டார். எழுந்து கை கொடுத்தார். இனி ஆங்கிலத்தில் பேசியதை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

"எந்த வீடு?" என்று கேட்டார்.

சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நோராவோட வீடா? நல்ல வீடாச்சே" என்றார்.

கொஞ்ச நாளில் புரோக்கர் போன் செய்தார். "வீட்டுக்காரம்மா மனசு மாறிட்டாங்க. இதெல்லாம் சகஜம். வேற வீடு காட்டறேன்." அவ்வளவுதான். நாங்கள் வெளியூர்க்காரர்கள், நிறம் வேறு, அதனால் நோரா பின்வாங்கிவிட்டார் என்று நினைத்தேன். பாவம், அந்தம்மாவை மனதுக்குள் திட்டினேன். கோகிலா அதன் பிறகு நோராவுக்கு டீ கொண்டுபோகும் வேலையை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் அந்தப் பெண் லீவு. கோகிலாவே போக வேண்டியிருந்தது. நோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நேரத்துல உங்களுக்குக் கடன் கிடைக்காம போச்சாமே. எனக்கு ரொம்ப வருத்தமாயிருச்சு."

"கடன் கிடைச்சுதே. நீங்கதான் மனசு மாறிட்டீங்கன்னு சொன்னாங்க" என்றாள் கோகிலா.

நோராவுக்கு முகம் வெளுத்துவிட்டதாம். "நான் மாறவே இல்லையே. புரோக்கர்தான் வந்து சொன்னான். அப்புறம் உன் புருஷனோட முதலாளி வந்தார். எப்படியும் நீங்கதான் அங்க குடியிருக்கப் போறீங்கன்னு சொன்னார். அதனாலதான் வீட்டை அவருக்கு விக்கக் கையெழுத்துப் போட்டேன்."

4. "உனக்காகத்தான்"

கோகிலா போன் செய்தபோது ஒரு மிஷினைப் பிரித்துப்போட்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு டெக்லனின் அறைக்குப் போனேன். மழுப்புவார், இல்லையென்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நோராவோட வீட்டை நீங்களா வாங்கினீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "தெரிஞ்சுபோச்சா? கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்று மேஜையைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். "புது பாய்லர் போடப் போறேன். வாடகை இப்ப தர்றதே போதும். ஏரி தெரியுது, உன் மனைவிக்குப் பிடிக்கும்."

"எங்களுக்குக் கடன் கிடைக்கலைன்னு நோராகிட்ட சொல்லியிருக்காங்க."

"புரோக்கர் ஏதாவது சொல்லியிருப்பான். அதை விடு. வயசான காலம் வரைக்கும் கட்டற கடன் உனக்கு எதுக்கு? கூரை போனா யார் பாப்பா? செப்டிக் டேங்க் அடைச்சா யார் பாப்பா? அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ மிஷினைப் பாத்துக்கோ. உனக்காகத்தான் வாங்கினேன்."

பிறகு அவராகவே இன்னொன்றும் சொன்னார், ஒளிவு மறைவில்லாமல்: "சொந்த வீடு வந்துட்டா நீ வேற இடத்துக்குப் போயிடுவ. உன்னை விட்டா இந்த மிஷின்களை ஓட்ட எனக்கு ஆள் இல்லை."

நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் முதலாளி முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். "அது நாங்க வாங்க இருந்த வீடு. உங்ககிட்ட யார் கேட்டா?" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் அந்தக் கோபத்துக்குப் போதவில்லை. மிச்சத்தைத் தமிழில் பேசினேன். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மில் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கோபப்படவே இல்லை. குழந்தை அடம்பிடிப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. நாளைக்குப் பேசலாம்" என்றார்.

சாவியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் கோகிலா நின்றிருந்தாள். அவர் சாவியை எடுத்து வைத்ததைச் சொன்னேன்.

"அந்தச் சாவிய வாங்கிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"வாங்கிட்டு வந்திருந்தீங்கன்னா உங்களையும் உள்ள உட்டிருக்க மாட்டேனுங்க."

மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். வக்கீலைப் பார்த்தேன். எதிலும் தப்பில்லை என்றார். ஒப்பந்தம் எங்களோடு ஆகவில்லை, முதலாளியோடு ஆகிவிட்டது. புரோக்கர் பொய் சொன்னதை எழுதிக் கொடுக்க யாரும் தயாரில்லை. நோரா தயாராக இருந்தார், ஆனால் அவர் மகன் தொந்தரவு வேண்டாம் என்று தடுத்துவிட்டான். சட்டப்படி எல்லாம் சரி என்று கேட்டதும் என் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

டெக்லனிடமிருந்து மெசேஜ் வந்தது: 'அவசரமில்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்தால் போதும். உன் குடும்பத்துக்கு என் அன்பு.'

5. பிறகு

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கோகிலாவோடு வேலை பார்த்த ஒரு கேரளா நர்ஸ் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தாள். மூன்று பேரும் அதில் முடங்கினோம். ஜெனி ஒரு ராத்திரி, "அந்தச் சாவியை வாங்கியிருக்கலாம்லப்பா" என்று கேட்டாள். கோகிலா அவளை மடியில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து மாவட்டத்தில் ஒரு பேண்டேஜ் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. தினம் நெடுந்தூரம் கார் ஓட்டிப் போனேன். வேலை நிரந்தரமானதும் மறுபடி பேங்குக்குப் போனோம். இந்த முறை எந்த வீடு என்று ஃபேக்டரியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊருக்கே சொன்னேன். சின்ன டவுனில், ரோட்டோரம், வரிசை வீடுகளில் கடைசி வீடு. ஏரியும் இல்லை, புல்தரையும் இல்லை. பால் லாரி போனால் ஜன்னல் அதிரும். மாடிப்படிக்கு மேலே கூரை ஒழுகுகிறது. வாங்கிய அன்றே கோகிலா எல்லா அறையிலும் ஆணி அடித்தாள்.

நோரா இறந்துபோனார். அங்கே சாவுக்கு ஊரே வரிசையில் நின்று, பெட்டியில் கிடத்தியிருப்பவரைப் பார்த்து, குடும்பத்தார் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி நகரும். நாங்களும் நின்றோம். எங்களுக்குப் பின்னால் டெக்லன். என்னைப் பார்த்ததும் கை நீட்டினார். சாவு வீடாயிற்றே என்று நானும் கொடுத்தேன்.

"அந்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு. நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றார். குரலில் உண்மையான பிரியம் இருந்தது. "நீ எதுக்கு அவ்வளவு கோபப்பட்டேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. நான் நல்லதுதானே செஞ்சேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலா திரும்பினாள். நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்: "அந்தம்மா உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டாங்க. எங்களுக்கு நல்லது செய்யறோம்னு நெனச்சுத்தான் போட்டாங்க. இன்னிக்காவது அதுக்கு அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க."

வரிசை நகர்ந்தது. அவர் கேட்டாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, வெளிநாட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். நல்ல தொழில் கையில் இருக்கிறது. ஆனால் வீட்டோடு வேலை என்று யாராவது சொன்னால், திருப்பூரானாலும் லீட்ரிமானாலும், ஒரு கேள்வி கேளுங்கள்: வேலையை விட்டால் வீடு என்ன ஆகும்? வீடு யார் பேரில், எத்தனை நாள் அவகாசம், இதையெல்லாம் முதல் பேச்சிலேயே கேளுங்கள். ஏஜென்ட் சிரிப்பார். முதலாளி, "நம்ம குடும்பம் மாதிரிதானே" என்பார். பதில் எழுத்தில் வரும்வரை பெட்டியைக் கட்டாதீர்கள்.