நெவிலுக்கு எந்தச் சொல்?

சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் லொரெய்ன் ஸ்டேதர்ஸின் உதடுகள் அசையும். பாட்டு இல்லை, ஜெபமும் இல்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதை மெதுவாக, வேகமாக, கொஞ்சம் இழுத்து, சிரித்தபடி, சிரிக்காமல் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள். பக்கத்துக் காரிலிருந்து யாராவது முறைத்தால் கையை ஆட்டுவாள். இந்த வாரம் முழுக்க அவள் வாயில் கிடந்தது 'ஆட்' (odd) என்கிற இங்கிலீஷ் சொல். ஹெஸ்ஸல் ரோட்டில் ஆரம்பித்துத் தகனக் கூடத்து வாசல் வரைக்கும் "ஆட், ஆட், ஆட்" என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

"தனியாப் பேசிக்கிட்டே காரு ஓட்டுறே. உன் சாவுக்கு உன்னை என்னன்னு சொல்றதுன்னு நான் இப்பவே யோசிச்சு வெச்சுக்கணும் போல" என்பார் கணவர் கீத்.

"யோசிங்க. ஆனா 'கேரக்டர்'னு மட்டும் சொன்னீங்க, பெட்டியைத் திறந்துக்கிட்டு வந்து அறைவேன்."

ஹல் நகரத்தில் பாதிரியார் வேண்டாம் என்கிற குடும்பங்களுக்கு இறுதி நிகழ்ச்சி நடத்திக் கொடுப்பது லொரெய்னின் தொழில். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, செத்தவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று பேச வேண்டும். அதற்கு முன்னால் பிங்கோ சூதாட்ட அரங்கில் எண் கூவிக்கொண்டிருந்தாள். குரல் அங்கே பழகியது. கடைசி வரிசையில் காது மந்தமானவருக்கும் கேட்கும், ஆனால் கத்துகிற மாதிரி இருக்காது. அரங்கை மூடிவிட்டு அங்கே உடற்பயிற்சிக் கூடம் வந்தபோது, இந்த வேலைக்கு வந்துவிட்டாள். "அங்கே ஜனங்களை உட்கார வெச்சு நம்பரைச் சொன்னேன், இங்கே பேரைச் சொல்றேன். ரெண்டு இடத்துலயும் தப்பாச் சொன்னா உதைதான்" என்று சிரிப்பாள்.

மதியச் சாப்பாடு பெரும்பாலும் காரில்தான். ஹம்பர் ஆற்றைப் பார்த்தபடி நிறுத்தி, உருளைக்கிழங்கு வறுவல்மேல் அந்த ஊர்க்காரர்கள் எதன்மேலும் தூவுகிற சிவப்பு மசாலாவைத் தூவித் தின்பாள். கறுப்புக் கோட்டில் சிந்திவிடக் கூடாது என்று கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாள். 'காலமானார்', 'பிரிந்தார்' என்றெல்லாம் அவள் வாயில் வராது. செத்தார் என்றால் செத்தார்தான். மழுப்பினால் குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்பது அவளுக்கு எப்போதும் புரியாத விஷயம்.

செத்தவர் நாலு பேரைப் போல இருந்தவர் என்றால் வேலை சுலபம். அன்பான அப்பா, ரக்பி பைத்தியம், தோட்டத்தில் தக்காளி போட்டார் என்று முடித்துவிடலாம். நாலு பேரைப் போல இல்லாதவர்தான் தலைவலி. அப்படி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவரைப் பற்றிக் கேட்டதும் வீட்டில் குரல்கள் தணியும், யாராவது ஒருவர் கதவைச் சாத்துவார், அப்புறம் ஒரு சொல் வரும்.

தமிழில் 'ஒரு மாதிரி' என்று சொல்லி, கையை லேசாக ஆட்டித் தப்பித்துவிடலாம். இங்கிலீஷ்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஏதாவது ஒரு சொல்லை எடுத்தே ஆக வேண்டும், எடுத்த சொல்லில் மாட்டிக்கொள்ளவும் வேண்டும். 'ஸ்ட்ரேஞ்ச்' என்று ஒருவர் சொன்னால் அவருக்கும் செத்தவருக்கும் பழக்கமே இல்லை என்று லொரெய்ன் புரிந்துகொள்வாள். வீட்டுக்குள் இருக்கிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பெக்யூலியர்' என்கிறவர்களின் மூக்கைப் பார்ப்பாள். பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்கிற முகமாகத்தான் இருக்கும். 'டிஃபரன்ட்' என்றால் வெட்கப்படுகிறார்கள். பிடிக்காத சாப்பாட்டை விருந்தில் பாராட்டவும் அதே சொல்தான். 'வியர்ட்' ஒரு காலத்தில் பேய் பிசாசுக்கு ஆன சொல்லாம். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாலாடைக்கட்டியைக்கூட அப்படிச் சொல்கிறார்கள். 'குயீர்' என்பதை அவள் அம்மா வயிறு சரியில்லாததற்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அது தன்பாலீர்ப்பாளர்களை ஏசுகிற வசவாகத் திரிந்தது. வசவு வாங்கினவர்களே இப்போது அதைத் தங்கள் பெயராக நிமிர்ந்து நின்று சொல்லிக்கொள்வதால், அது அவர்களுடையது என்று லொரெய்ன் தொடுவதில்லை. 'கேரக்டர்' என்றால் குடிகாரர். ஊருக்குப் பாட்டு, வீட்டுக்கு உடைந்த கதவு.

இந்தக் கணக்கிலெல்லாம் அவளுக்கு ஒரு தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சொல்லும் சண்டை இழுத்தால் கடைசியில் எடுத்துப் போட அவளிடம் ஒரு சொல் இருந்தது: 'அன்யூஷுவல்'. வழக்கத்தில் இல்லாதவர், அவ்வளவுதான். புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. அதைச் சொல்லி அதுவரை யாரும் அவளிடம் சண்டைக்கு வந்ததில்லை.

நெவில் பிளென்கின் செத்தபோது அது பலிக்கவில்லை.

நெவில் கேரவன் வண்டி செய்கிற தொழிற்சாலையில் ஜன்னல் பொருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் இல்லை. தெருவில் நடக்கும்போதும் சைக்கிள் ஹெல்மெட் போட்டிருப்பார், சைக்கிள் கிடையாது. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் போய், ஆற்றில் அன்றைக்குக் கடல்நீர் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை தோறும் தங்கை பாலினுக்கு மீன் வாங்கிக்கொண்டு போவார். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று அரை மணி பேசிவிட்டுப் போவார்.

பாலினின் சமையலறையில்தான் லொரெய்ன் இதையெல்லாம் கேட்டாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் கடைசித் தம்பி கிரஹாம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரான பெவெர்லியில் வீடு வாங்கி விற்கிற தரகு அலுவலகம் வைத்திருந்து, இப்போது மகனிடம் கொடுத்துவிட்டவர். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல கைக்கடிகாரம்.

"'யுனீக்'னு போட்டுடுங்க மிஸஸ் ஸ்டேதர்ஸ். இல்லாட்டி 'எக்சென்ட்ரிக்'. கேக்கறதுக்கும் நல்லா இருக்கும்" என்றார் கிரஹாம்.

பாலின் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். "எக்சென்ட்ரிக்கா? அது பணக்காரங்களுக்கு. அதுக்குத் தோட்டம் வேணும்டா. தோட்டத்துல மயில் வேணும். எங்க நெவ்வுக்கு இருந்தது பின்னால குப்பைத்தொட்டி வைக்கிற இடம். 'யுனீக்'காம்! வீட்டை விக்கறியா நீ?"

"வேற என்ன சொல்றது?"

"ஆட். அவன் ஆட். அம்மா சொன்னது, நான் சொன்னது, அவனே சொன்னது. அதைத்தான் சொல்லணும்."

"பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு? பேரப்பிள்ளைங்க வராங்க பாலின். அவருக்கு மூளை சரியில்லைன்னு நினைப்பாங்க. அப்படித்தான் சொல்லணும்னா நாங்க வரலை."

"வேற எதையாவது சொன்னா நான் எழுந்து போயிடுவேன்" என்றார் பாலின், குரலை உயர்த்தாமல்.

கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர். சொல்லைப் பொறுத்து, அந்த இரண்டில் ஒருவர்தான் பெட்டியோடு இருக்கப் போகிறார். லொரெய்ன் தன் சொல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"'அன்யூஷுவல்'னு சொல்லலாமா? யாருக்கும் உறுத்தாது."

பாலின் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "கண்ணு, அது வெயிலுக்குச் சொல்றது. ஏப்ரல்ல வெயில் அடிச்சா அன்யூஷுவல். செத்தது எங்க அண்ணன்."

லொரெய்னுக்கு முகம் சிவந்துவிட்டது. உறுத்தாத சொல் ஒட்டவும் செய்யாது என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

பாலின் டீயை ஊற்றியபடியே சொன்னார்: "அம்மாவுக்குக் கடைசியில ஞாபகம் போயிடுச்சு. என்னை நர்ஸுன்னு நினைச்சு தேங்க்ஸ் சொல்லுவா. ஆனா நெவ் தினமும் சாயங்காலம் போயி கட்டில் பக்கத்துல நிப்பான், ஆத்துல ஏத்தம் எப்போன்னு சொல்லுவான். கதவு திறக்கிற சத்தம் கேட்டாப் போதும், 'என் ஆட் பையன் வந்துட்டான்'னு சொல்லுவா. அவளுக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு சொல்லுதான். அதைப் போயி மூளை சரியில்லைங்கறான் இவன்."

 லொரெய்ன் கிரஹாம் பக்கம் திரும்பினாள். அவரை மடக்க வேண்டும் என்று அவளுக்கு எண்ணமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீங்க அவரை நேர்ல என்னன்னு கூப்பிடுவீங்க, கிரஹாம்?"

கிரஹாம் தன் கோப்பைக்குள் பார்த்தார். "நாங்க... அவ்வளவாப் பேசிக்கிட்டதில்ல. என் கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்காரங்க அவரைப் பார்த்துட்டு 'பெக்யூலியர்'னாங்க. கல்யாணத்துக்கே கூப்பிடாம விட்டுட்டேன். அப்புறம் அது அப்படியே போயிடுச்சு."

அந்த இடத்தில் பாலின் நினைத்திருந்தால் குத்திக் காட்டியிருக்கலாம். எழுந்து போய், நிறைந்திருந்த கெட்டிலை மறுபடியும் அடுப்பில் வைத்தார்.

அன்றிலிருந்துதான் லொரெய்ன் அந்தச் சொல்லைக் காரில் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தது. பழகப் பழக அதற்குள் ஒரு சின்ன வெப்பம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. எல்லோரும் ஒரு வரிசையில் நிற்க, அரையடி தள்ளி நிற்கிறவரைக் குறிக்கிற சொல் அது. தள்ளி நிற்கிறார், ஆனால் அதே வரிசை. வெளியாள் இல்லை. ஆனாலும் சபையில் அதை எடுத்துச் சொல்லிக் கிரஹாம் குடும்பத்தோடு எழுந்து போனால் அந்தப் பழி தன்மேல்தான் என்று அவளுக்குப் பயமாகவும் இருந்தது. கீத்திடம் கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சது நாலு சொல்லு. அதுல மூணு ரக்பிக்கு" என்று சொல்லிவிட்டார்.

நிகழ்ச்சி நாளன்று பாலின் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கேரவன் தொழிற்சாலைக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள், பஸ் ஓட்டுநர் ஒருவர் சீருடையிலேயே வந்திருந்தார். கிரஹாமும் அவர் மனைவியும் பேரப்பிள்ளைகளும் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் கோட்டைக் கழற்றவில்லை, கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் போல.

லொரெய்ன் ஹெல்மெட்டைச் சொன்னாள், மீனைச் சொன்னாள், ஆற்று ஏற்றத்தைச் சொன்னாள். பஸ் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்புறம் அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"நெவிலை அவருடைய அம்மா 'ஆட்' என்று கூப்பிட்டார். தங்கையும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்தச் சொல்லுக்கு அவர் திரும்பிப் பார்த்தார். ஊரில் மற்றவர்கள் வேறு சொற்கள் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு அவர் திரும்பியதாக யாருக்கும் நினைவில்லை. நெவில் பிளென்கின் ஓர் ஆட் மனிதர். அவர் செத்துவிட்டார்."

பாலினின் முதுகு நிமிர்ந்தது. கடைசி வரிசையில் கிரஹாம் எழுந்தார். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள், பிள்ளைகளும் எழுந்துகொண்டார்கள். போச்சு, என்று நினைத்தாள் லொரெய்ன். ஆனால் கிரஹாம் கையை விடுவித்துக்கொண்டு நடுவழியில் முன்னால் நடந்து வந்தார். பேச்சு மேசைக்கு வந்து லொரெய்ன் பக்கத்தில் நின்று, மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டார்.

"நான் அவரோட தம்பி" என்றார். "என் பேரப்பிள்ளைங்க அவரைப் பார்த்ததில்லை. அது என் தப்பு. எங்க அக்கா அவரை ஆட்னு கூப்பிட்டா, அம்மா கூப்பிட்டாங்க. நான் எப்படியுமே கூப்பிட்டதில்ல. நேத்து ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்தேன், எனக்கு..." நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார். "நெவ், நீ வந்து... நீ ஒரு..."

சொல் வரவில்லை. ஆயிரம் வீட்டுக்கு அடைமொழி தேடிக் கொடுத்தவர், வாயைத் திறந்தபடியே நின்றார். 

அந்தப் பேச்சு மேசையில், பேசுகிறவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. நேரம் முடியப் போகிறது, அடுத்த பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது என்பதற்கு அது விட்டு விட்டு எரியும். அழுதுகொண்டிருப்பவர்களைக்கூட அந்த விளக்குக்காகத் தோளைத் தொட்டு உட்கார வைக்கிறவள் லொரெய்ன். அவளை நம்பித்தான் தகனக் கூடத்துக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள்.

கிரஹாமின் முகத்தில் சிவப்பு விழுந்து மறைந்தது. மறுபடியும் விழுந்தது. லொரெய்ன் கையை நீட்டி, விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.