நான் கொண்டக்டராக நடித்த பாடம்

பிற்பகல் இரண்டு பத்துக்குக் கந்தளாய் பஸ் பாலையூற்றுச் சந்தியில் நிற்காமலே போனது. தரம் ஏழில் படிக்கும் என் மகள் பாடசாலை விட்டு அந்த பஸ்ஸில்தான் வருவாள். குடையும் கையுமாக நின்ற நான், அவள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். அடுத்ததிலும் அவள் இல்லை. பாடசாலைக் காவலாளிக்குப் போன் எடுத்தேன்.

"எல்லாப் பிள்ளையளும் போயிட்டுதுகள் மிஸ்," என்றார்.

கணவருக்குச் சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நான் யாரிடம் சொல்வது?

வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் சிங்களத்தில் விரைவாகப் பேசினாள். அதில் 'துவ' என்ற சொல் மட்டும் விளங்கியது. மகள். ஆஸ்பத்திரியா, பொலிஸா? மதகின் கட்டுமேல் உட்கார்ந்துவிட்டேன். பட்டம் பெற்றவள்தான். ஆனால் சிங்களக் குரல் கேட்டால் இன்றும் என் நாக்கு எழும்பாது. நான் படிக்கிற காலத்தில், யுத்தத்தின்போது, சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரர்கள் "கொஹேத யன்னே?" என்பார்கள். எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறக்காமல் அடையாள அட்டையை நீட்டுவேன்.

பிறகு மகளின் குரல் கேட்டது.

"அம்மா, நான்தான். அழாதேங்கோ. பஸ்ஸில நித்திரையாகிட்டன். இப்ப கந்தளாயில நிக்கிறன்."

"ஆர் அது? உன்னை ஆர் பிடிச்சு வெச்சிருக்கினம்?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லையம்மா. இவ பழக்கடை அன்ரி. நான்தான் போன் கேட்டனான். பொறுங்கோ, திரும்பி வாற பஸ் எப்பவெண்டு கேக்கிறன்."

அழைப்பை அவள் துண்டிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் சொல்லுக்குப் பக்கத்தில் சொல்லை வைத்து, மெதுவாக, சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு திருத்தினாள். இவளும் சிரித்து, திருத்தியபடி திரும்பச் சொன்னாள்.

சில வசனங்கள் எனக்கும் பழக்கமாயிருந்தன. இந்தத் தவணை இரண்டாம் மொழியான சிங்களப் பாடத்தில் அவர்கள் ஒரு பஸ் பயணத்தை நடித்துக் காட்ட வேண்டும். அதற்காக முந்தின கிழமை என் பகுதியைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்து, குசினிக்குள் என்னைக் கொண்டக்டர் ஆக்கியிருந்தாள். என் முதல் வசனமே "கொஹேத யன்னே?" தான். கையில் அகப்பையோடு வாசித்தேன்.

"ஏனம்மா இப்பிடி விறைச்சுப்போய்க் கேக்கிறீங்கள்? கொண்டக்டர் சிரிச்சுக்கொண்டுதான் கேப்பார்."

"சரி, சரி. நாடகம் காணும். போய்க் கணக்கைச் செய்," என்றேன்.

இப்போது அதே கேள்வியைப் பழக்கடைக்காரி அவளிடம் கேட்பது போனுக்குள் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். என் மகளோ குரலைத் தாழ்த்தாமல், யோசிக்காமல், "பாலையூற்று" என்றாள். அவளுக்கு அது ஊர்ப்பேரைச் சொன்னால் தீர்ந்துபோகிற கேள்வி. என் வாழ்நாள் முழுக்க என்னால் ஏலாமல் போன ஒன்றை, நாற்பது நிமிடப் பாடவேளைகளில், கரும்பலகையைப் பார்த்து எழுதி, என் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் போகவில்லை. அதன் பக்கத்திலேயே இதுவும் வந்து நின்றது.

பழக்கடைக்காரி அவளைத் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டக்டரிடம் சொல்லிவிட்டிருந்தாள். அந்த பஸ் சந்திக்கு வந்து நின்றபோது முதலில் கொண்டக்டர்தான் இறங்கினார், தோளில் என் மகளின் புத்தகப்பையோடு. என்னைப் பார்த்து "அம்மாத?" என்றார். அம்மாவா என்று கேட்கிறார் என்பது விளங்கியது. அதற்குள் என் கை தானாகவே கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடியது. கையை வெளியே எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். பிறகு, நாடகத்தில் மகள் கடைசியாகச் சொல்லும் வசனத்தைச் சொன்னேன்.

"ஸ்தூதியி."

நன்றி. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பாகப் பையைத் தந்துவிட்டு ஏறிக்கொண்டார். மகளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவள் தலையை விடுவித்து, போகும் பஸ்ஸைக் காட்டினாள்.

"பாத்தீங்களாம்மா? கொண்டக்டரெண்டா இப்பிடிச் சிரிக்கவேணும்."